மெள்ளப் போன ஒரு பிரயாணம்

அம்பத்தூர் ரயில் ஸ்டேஷனில் காலை எட்டு மணி சுமாருக்கு நின்று பார்த்திருக்கும் நேயர்களுக்கு, மனித ஜாதி நடப்பதற்காகப் படைக்கப்பட்டதா, ஓடுவதற்காகப் படைக்கப்பட்டதா என்ற சந்தேகம் அவசியம் உண்டாகியிருக்கும். வண்டி நிற்பதற்கு முன்பே தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள் குதிக்கிறார்கள். வண்டி புறப்பட்ட பிறகு ஆவடிப் பக்கம் போகிறவர்கள் பாய்கிறார்கள். இந்த ஓட்டப் பந்தயத்தில் நாமும் பத்தொன்பது வருஷமாகக் கலந்துகொண்டு வருகிறோம். பட்டாபிராம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நமக்குக் கணக்கு உபாத்தியாயர் உத்தியோகம். நடுவில் திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி, இந்து கல்லூரி என்று நாலு ஸ்டேஷன்கள். வருஷத்துக்கு 200 நாள் என்று வைத்துக்கொண்டால், போக வர, அந்த நாலு ஊரையும் 7,600 தடவை கடந்திருக்கிறோம். அவற்றில் இறங்கிப் பார்த்தது எத்தனை தடவை என்று கேட்டால், ஒரே தடவை. அதுவும் நம் விருப்பத்தினால் அல்ல. வண்டி பழுதாகி ஆவடியில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள்.

நம் தாயாருக்கு வயது 77. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரருக்கு வருஷம் முழுவதும் சந்தனக் காப்பு உண்டென்பதும், சித்திரை மாதத்துச் சதய நாளில் அதைக் களைந்து, சுவாமியின் உண்மை உருவத்தைக் காணச் செய்வார்கள் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தரிசனத்துக்கு ஒரு தரம் அழைத்துப் போக வேண்டுமென்று அம்மா பல வருஷங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன். மூன்று நான்கு நிமிஷப் பிரயாணம். ஒரு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது. ஒரு வருஷம் தேர்தல் வேலை. மற்றொரு வருஷம் வெயில் கொடுமை. "அடுத்த வருஷம் பார்க்கலாம், அம்மா" என்பது நமக்கு நாக்கில் ஊறிய வாக்கியமாகிவிட்டது.

இதற்கிடையில் அம்மாவின் கண்ணில் நீர் அழுத்தம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அது வலி கொடுக்காமல், சத்தம் போடாமல், பார்வையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அரித்துக்கொண்டு வரும் வியாதி. வைத்தியர் கண்டுபிடித்தபோது பெரும்பகுதி போய்விட்டது. "இருப்பதைக் காப்பாற்ற மருந்து போடலாம், போனது திரும்பாது" என்று அவர் சொல்லிவிட்டார். இப்போது அம்மாவுக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். எதிரில் ஆள் நிற்பது தெரியும். அந்த ஆள் யார் என்பது குரல் கேட்டால்தான் தெரியும்.

சென்ற அரைப் பரீட்சை விடுமுறையில் ஒரு நாள், மார்கழிப் பனி விலகும் நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, "எதிர்வீட்டு முருங்கை பூத்துவிட்டதா, அப்பா?" என்று கேட்டார். நாம் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல், "தெரியவில்லை" என்றோம். எதிர்வீடு பத்தடி தூரத்தில் இருக்கிறது. நமக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்துப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "புறப்படு, அம்மா. இன்று திருமுல்லைவாயில் போய்வருவோம்" என்று சொன்னோம். "இன்றைக்கா? சதயம் இல்லையே?" என்றார். பிறகு, "அதனால் என்ன, எனக்கு இப்போது எல்லாம் ஒன்றுதான்" என்று சிரித்துக்கொண்டே புடைவை மாற்றிக்கொள்ளப் போனார். அந்தச் சிரிப்பு நமக்குச் சுருக்கென்றது.

கூட்டம் ஓய்ந்த ஒன்பதரை மணி வண்டியில், ஜன்னல் ஓரம் அம்மாவை உட்கார்த்தினோம். வண்டி நகர்ந்ததும், "இந்தப் பக்கம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். 7,600 தடவை போன நாம், பதில் சொல்லுவதற்காக முதல் முறையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். ஒரு சுவர், சுவரின் மேல் துணி உலர்த்தியிருக்கிறது, சிவப்புப் புடைவை ஒன்று, பள்ளிக்கூடச் சட்டைகள் மூன்று. ஒரு கிழவர் கட்டிலை வெயிலில் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. அதன்மேல் ஒரு மடையான் ஒற்றைக் காலில் நிற்கிறது. இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் திருமுல்லைவாயில் வந்துவிட்டது. இத்தனை சமாசாரம் அந்த மூன்று நிமிஷத்துக்குள் எங்கே ஒளிந்துகொண்டிருந்தது என்று நமக்கு ஆச்சரியமாகப் போயிற்று.

இந்த ரயில் பாதை சாமான்யமானதல்ல. தென்னிந்தியாவில் முதல் முதலாகப் பிரயாணிகள் ரயில் ஓடியது இதன் மேல்தான். 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில், சுமார் 100 கிலோமீட்டர், நீராவி வண்டி போயிற்று. அன்று வழி நெடுக ஜனங்கள் வேலையை விட்டுவிட்டு நின்று, அந்த வண்டியை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருப்பார்கள். இன்று நாம் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, கையிலுள்ள டெலிபோனைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போய்க் கோயில் வீதி முனையில் இறங்கினோம். அங்கிருந்து நடக்கலாமென்று அம்மா சொல்லிவிட்டார். அம்மாவின் நடை ஒரு நிமிஷத்துக்கு இருபது அடி. நமக்கு முதலில் கால் கடுத்தது; வேகமாக நடப்பதைவிட மெள்ள நடப்பதுதான் கஷ்டமான வித்தை என்று அன்று கண்டோம். முந்திப் போய்விட்டுத் திரும்பி வந்தோம், இரண்டு தரம். மூன்றாவது தரம் அம்மா நம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒழுங்காக நடந்தோம்.

இந்த ஸ்தலத்தின் கதையை அம்மாதான் சொன்னார். தொண்டைமான் அரசன் குறும்பர்களோடு யுத்தம் செய்து இந்தக் காட்டு வழியாக யானைமேல் வருகிறான். யானையின் கால்களை முல்லைக் கொடி சுற்றிக்கொள்கிறது. பட்டத்து யானை, எதிரியின் கோட்டைக் கதவை முட்டித் தள்ளுகிற யானை, அதை ஒரு பூங்கொடி நிறுத்திவிட்டது. அரசனுக்கு அவசரம். வாளை உருவிக் கொடியை வெட்டினான். அடியிலே மண்ணுக்குள் மறைந்திருந்த சிவலிங்கத்தின் மேல் அந்த வெட்டு பட்டு ரத்தம் பெருகிற்று. அப்புறந்தான் அரசன் யானையை விட்டு இறங்கினான். அந்த வெட்டுக் காயத்தின் சூடு தணியத்தான் வருஷம் முழுவதும் சந்தனக் காப்பு.

"இறங்கிப் பார்த்துவிட்டு வெட்டியிருக்கலாம்" என்றார் அம்மா, ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

சந்நிதியில் கூட்டமில்லை. கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந் தூண்கள் இருக்கின்றன. குறும்பர் கோட்டையிலிருந்து தொண்டைமான் கொண்டுவந்தவை என்பது ஐதிகம். வேலியோரத்தில் இடுப்பளவு வளரும் எருக்கு, தூண் செய்யும் பருமனுக்கு வளர்ந்தது என்பதை நம்புவது கடினம். ஆனால் தூண்கள் எதிரில் நிற்கின்றன. நந்தியோ சுவாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்க்கிறது. தொண்டைமானுக்குத் துணையாக யுத்தத்துக்குப் புறப்பட்ட கோலமாம். விமானம் யானை படுத்தாற்போல் பின்புறம் வளைந்த கஜபிருஷ்ட விமானம். இவ்வளவையும் ஒவ்வொன்றாக அம்மாவுக்குச் சொன்னோம். தீபாராதனையின்போது, "தெரிகிறதா, அம்மா?" என்று கேட்டோம். "வெளிச்சம் தெரிகிறது. என்ன பூ சாத்தியிருக்கிறார்கள் என்று நீ சொல்லு" என்றார். சொல்ல வாயெடுத்தோம், குரல் வரவில்லை. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன், அதே இடத்தில் அம்மா நமக்குச் சொல்லியிருக்கக் கூடியவை அவை. குருக்கள் நம்மைப் பார்த்துவிட்டுத் தாமே, "வில்வம், அரளி, மேலே கொஞ்சம் முல்லை, அம்மா" என்றார்.

வெளிப் பிரகாரத்தில், தொன்னையில் கொடுத்த வெண்பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தோம். மிளகு தூக்கலாக இருந்தது. அம்மா திடீரென்று, "சுந்தரர் இங்கே எப்படி வந்தார் தெரியுமோ?" என்று கேட்டார். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, பிரிவதில்லை என்று சுந்தரமூர்த்தி நாயனார் சத்தியம் செய்தார். பிறகு திருவாரூர் நினைவு பிடித்து இழுக்க, ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். தாண்டியவுடன் இரண்டு கண்களும் ஒளி இழந்தன. அந்த நிலையில் அவர் வந்து பதிகம் பாடிய ஸ்தலம் இந்த வடதிருமுல்லைவாயில். அதற்கப்புறம் திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் வந்தது. ஆரூரில் மற்றொரு கண். திருவெண்பாக்கம் இருந்த இடத்தில் இப்போது பூண்டி நீர்த்தேக்கம் இருக்கிறது. தேசபக்தர் சத்தியமூர்த்தியின் பெயரால் வழங்கும் அந்த அணை 1944-இல் முடிந்தது. கோயிலைக் கரைமேல் மாற்றிக் கட்டினார்கள். அந்தத் தண்ணீரைத்தான் சென்னைவாசிகள் குடிக்கிறோம்.

"அவரும் இங்கே ஒன்றும் பார்க்காமல்தான் நின்றிருக்கிறார். பாடிவிட்டுப் போனார்" என்று சொல்லி அம்மா தொன்னையை மடித்தார். நம் மனச்சுமையை அறிந்து சொன்னாரோ, சும்மா சொன்னாரோ, தெரியாது. அதன் பிறகு நமக்கு மூச்சு சரியாக வந்தது.

அத்துடன் வீடு திரும்புவதாகத்தான் உத்தேசம். ஆனால் அம்மா, "இன்னும் எந்த ஊர் இருக்கிறது?" என்று கேட்டார். ஆவடிக்குப் போனோம்.

ஆவடி என்றதும் டாங்கித் தொழிற்சாலைதான் இந்தக் காலத்தவருக்கு நினைவு வரும். பெரியவர்களுக்கு நினைவு வருவது 1955 ஜனவரியில் இங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை. தேபர் தலைமை வகித்தார். சோஷலிஸ பாணிச் சமுதாயமே நம் நாட்டின் லட்சியம் என்று தீர்மானம் நிறைவேறியது இங்கேதான். ஏழு வயதுக் குழந்தையாக இருந்த அம்மாவைத் தாத்தா அந்தக் கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நேருவைப் பார்த்தாயா, அம்மா?"

"பார்த்தேன் என்று தாத்தா எல்லோரிடமும் சொல்லுவார். எனக்கு ஞாபகம் இருப்பது தாத்தாவின் தோள்தான். கதர்ச் சட்டை சொரசொரவென்று கன்னத்தில் உறுத்தும். வேர்வை வாசனை. எங்கே பார்த்தாலும் புழுதி. அன்றைக்குப் போல் நான் என்றைக்கும் உயரத்தில் உட்கார்ந்ததில்லை."

மகாசபையைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தரம் கேட்டும், வாசித்தும் இருக்கிறோம். சரித்திரப் புஸ்தகம் எதிலும் தாத்தாவின் தோள் இல்லை.

ஆவடியிலிருந்து பூவிருந்தவல்லிக்குப் போகும் சாலையில் இருக்கிறது பருத்திப்பட்டு ஏரி. சாக்கடை கலந்து நாறிக்கொண்டிருந்த ஏரியைச் செப்பனிட்டு, கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, 2019-இல் பூங்காவாகத் திறந்தார்கள். நல்ல காரியம் என்று தாராளமாகச் சொல்லலாம். இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாமே ஏரியை வைத்துப் பிழைத்த ஊர்கள். பிறகு ஏரியை மறந்த ஊர்கள். அம்பத்தூரிலும் நம் வீட்டுக்குச் சமீபத்திலேயே ஏரி உண்டு. நாம் ஒரு நாளும் ஏரியைப் பார்க்கப் போகவில்லை. 2023 டிசம்பர்ப் புயலின்போது ஏரித் தண்ணீரே நம்மைப் பார்க்க வீட்டுக்குள் வந்தது.

கொண்டுபோன புளிச்சாதத்தைக் கரையில் உட்கார்ந்து பிரித்தோம். மறுபடியும் நம் உத்தியோகம் ஆரம்பமாயிற்று. நீர்க்காகம் ஒன்று பட்ட மரக் கிளையில், வக்கீல் கறுப்பு அங்கியை உலர்த்துகிறாற்போல், இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நிற்கிறது. நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளையோடு நீந்துகின்றன. காற்று வந்தால் தண்ணீர் சுருங்குகிறது. நாம் தூரத்துப் பறவை ஒன்றைக் கொக்கு என்றோம். "கொக்கு இப்படிக் கத்தாதே" என்று அம்மா திருத்தினார். உற்றுப் பார்த்தோம்; கொக்கு பேசாமல்தான் நின்றது; கத்தியது அதன் பின்னால் கோரைக்குள் இருந்த தாழைக்கோழி. பட்டம் பெற்ற உபாத்தியாயருக்குப் பத்துக்கு ஐந்து மார்க் போடலாம்.

"நீ சொல்லச் சொல்ல நான் ஏரியைக் கட்டிக்கொண்டே வருகிறேன், பூசலார் மாதிரி. அவசரப்படாதே, கரை இன்னும் முடியவில்லை" என்றார் அம்மா.

பூசலாருடைய ஊரான திருநின்றவூர், ஆவடிக்கு மேற்கே நாலாவது ஸ்டேஷன். சிவனுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டார், கையில் காசில்லை. மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, நாள் பார்த்து, அஸ்திவாரம் தோண்டி, இரவு பகலாக வரிசை வரிசையாகக் கட்டி, குளமும் மதிலும் முடித்துக் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சுவாமி அரசன் கனவில் வந்து, "அன்றைக்கு எனக்குத் திருநின்றவூரில் வேலை இருக்கிறது, நீ வேறு நாள் பார்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கற்கோயில் கைலாசநாதர் கோயிலே என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். கதையை எழுதிய சேக்கிழாரும் பூவிருந்தவல்லிக்கு அடுத்த குன்றத்தூர்க்காரர்தான். இதை நாம் நூறு தரம் படித்திருக்கிறோம். நம் கவனமெல்லாம் கும்பாபிஷேகத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு கல்லாக வைப்பதில் பூசலாருக்கு இருந்திருக்கக்கூடிய சந்தோஷம் அம்மா சொல்லும் வரையில் தோன்றவில்லை. அரசன் கனவு காணாமலே இருந்திருந்தாலும் பூசலாருக்கு நஷ்டம் என்ன?

பூவிருந்தவல்லி சேரும்போது மணி மூன்று. வரதராஜப் பெருமாள் கோயில் நடை திறக்கவில்லை. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் இது. இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, மாலை கட்டி, காஞ்சி வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தியவர். அங்கே பெருமாளுக்கு ஆலவட்டம் வீசி நின்றவர். ராமாநுஜருக்கே வழிகாட்டியவர் என்றாலும், ஊரார் அவரை நினைப்பது பூக்கூடையோடும் விசிறியோடுந்தான். தினந்தோறும் காஞ்சிக்கு நடந்தார் என்பது செவிவழிச் செய்தி. நமக்குக் கணக்குப் புத்தி சும்மா இருக்கவில்லை. காஞ்சி இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தால் போக மட்டும் பத்து மணி நேரம், திரும்ப வேண்டும், பூப்பறிக்க வேண்டும். ஆகாத காரியம் என்று அம்மாவுக்கு விளக்கினோம்.

"மணி பார்த்து நடந்திருந்தால் ஆகாதுதான்" என்று ஒரே வார்த்தையில் கணக்கைத் தள்ளிவிட்டார்.

நடை திறக்கும் வரையில் கோயில் பக்கத்துப் பூக்கடையில் அம்மாவுக்கு முக்காலி கிடைத்தது. மார்கழியில் மல்லிகை குறைவு. விலையோ கேட்கவே பயம். கூடையில் சாமந்தியும் கனகாம்பரமும் கொஞ்சம் முல்லை அரும்பும் இருந்தன. பூக்காரி தொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா கையை நீட்டி, "கொஞ்சம் நார் கொடம்மா" என்றார். பூக்காரி அம்மாவின் கண்ணைப் பார்த்தாள், நம்மைப் பார்த்தாள், பிறகு நனைத்த வாழைநாரையும் ஒரு பிடி அரும்பையும் மடியில் வைத்தாள்.

இரண்டு அரும்பு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. காலையிலிருந்து நிமிஷத்துக்கு இருபது அடி நடந்தவருடைய விரல்கள் பறந்தன. அழுகல் அரும்பைத் தொட்டவுடனே ஒதுக்கினார். காம்பின் நீளத்தைக் கொண்டே முல்லையையும் கனகாம்பரத்தையும் பிரித்தார். "பாட்டிம்மா, என் கையைவிட உங்க கை ஓடுதே!" என்றாள் பூக்காரி. அம்மா பதில் சொல்லவில்லை. உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெரிய சாலையில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊதிக்கொண்டு போயின. நாம் கையில் பையை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசாமல் நின்றோம். வகுப்பில் பாடத்தை ஓட்டும்போது, "சார், கொஞ்சம் மெள்ளப் போங்கள்" என்று கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் கேட்பான். அவன் முகம் ஏனோ நினைவுக்கு வந்தது.

நாலு முழம் ஆயிற்று. அம்மா தம் முழங்கையில் வைத்து அளந்து, மூன்றைக் கூடையில் போட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குக் காசு கொடுக்கச் சொன்னார். பூக்காரி வாங்கமாட்டேன் என்றாள். இருவருக்கும் நடந்த வாக்குவாதத்தில் நம்மை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கடைசியில் பாதி விலை என்று முடிவாயிற்று. அந்த முழத்தைத்தான் நம்பிகளின் சந்நிதியில் கொடுத்தோம்.

அம்பத்தூர் திரும்பும்போது இருட்டிவிட்டது. பஸ்ஸில் அம்மா நம் தோளில் சாய்ந்து தூங்கினார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த நாளன்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிய பிறகு, நின்று எதிர்வீட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தோம். மறுபடி உள்ளே போய், "கீழ்க் கிளையில் மட்டும் பூத்திருக்கிறது, அம்மா. உச்சியில் இன்னும் அரும்புதான். அணில் ஒன்று இருக்கிறது" என்று சொன்னோம். "வால் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். திரும்ப வந்து பார்த்துவிட்டுச் சொன்னோம்.

வழக்கமான வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி பத்து நிமிஷத்தில் வந்தது.